மாஸ்டடான் 4.2-லிருந்து 4.5-க்கு: எந்த வரிசையில் ஏற்றுவது?

#1 வடலி

மாஸ்டடான் எண்ட சமூக வலைத்தள மென்பொருளின் 4.2 கிளையில் (பதிப்பு வரிசையில்) ஓடுற சர்வர் ஒன்றை 4.5-க்குக் கொண்டுபோக வேணும். விபரம் இது: உபுண்டு 20.04, போஸ்ட்கிரெஸ் 12 (டேட்டாபேஸ்), நோட் 16, ரூபி ஆர்பிஎன்வி (ரூபி பதிப்புகளைப் போடுற கருவி) வழியா. ராம் 4 ஜிபி, கணக்குகள் முந்நூறு மட்டில். மீடியா எல்லாம் எஸ்3 வகைச் சேமிப்பில இருக்கு, டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டியா ஓட்டுற முறை) இல்லை. ரெடிஸில (ஃபீடுகளும் வேலை வரிசையும் இருக்கிற தரவுக் கிடங்கு) நேம்ஸ்பேஸ், அதாவது கீகளுக்கு ஒரு முன்னொட்டு, போட்டிருக்கு. பதிவு நீளத்தை 500-இலிருந்து 1000 ஆக்கின பேட்ச் (கோடில நான் செய்த மாற்றம்) ஒன்றும் இருக்கு.

நேரே 4.5-க்குத் தாவலாமோ, இல்லை 4.3, 4.4 எண்டு படிப்படியாத்தான் போக வேணுமோ? போஸ்ட்கிரெஸை எந்தக் கட்டத்தில மாத்துறது? அந்தப் பேட்ச் இனியும் ஒத்துவருமோ?

#2 கரிசல்மண்

தாவலாம். டேட்டாபேஸ் மைக்ரேஷன்கள் (டேட்டாபேஸின் அமைப்பைப் புதுப் பதிப்புக்கு மாற்றும் படிகள்) ஒரே வரிசையில் அடுக்கப்பட்டவை, 4.5 கோடை இறக்கி மைக்ரேட் கொடுத்தால் நடுவில் விட்டதெல்லாம் ஓடிவிடும். ஆனால் கோடுக்கு வெளியே, கையால் செய்ய வேண்டியவை ஒவ்வொரு பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பிலும் தனித்தனியாக இருக்கின்றன. 4.5-இன் குறிப்பை மட்டும் படித்தால் 4.3-இல் கேட்டது தெரியாமல் போகும். மூன்றையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சிக்கல் மாஸ்டடானுக்கு முன்பே தொடங்குகிறது. 4.5-க்கு போஸ்ட்கிரெஸ் 14 தேவை. ரூபி 3.2, நோட் 20 ஆகியவை 4.4-லேயே கட்டாயம். உபுண்டு 20.04 தன் கிடங்கில் தருவது போஸ்ட்கிரெஸ் 12. அந்த உபுண்டுவுக்கான வழக்கமான ஆதரவே 2025-இல் முடிந்துவிட்டது. ஓடுகிற மெஷினிலேயே இத்தனையையும் மாற்றாதீர்கள். டெபியன் 12 (போஸ்ட்கிரெஸ் 15) அல்லது உபுண்டு 24.04 (போஸ்ட்கிரெஸ் 16) போட்ட புது மெஷின் ஒன்றை எடுங்கள்.

உபுண்டு 22.04 வேண்டாம் என்பது என் கருத்து. 4.3-இலிருந்து படங்களைக் கையாள லிப்விப்ஸ் வந்திருக்கிறது, இமேஜ்மேஜிக் மெல்ல விடைபெறுகிறது. லிப்விப்ஸ் 8.13 அல்லது அதற்கு மேல் வேண்டும், 22.04-இன் கிடங்கில் இருப்பது 8.12. ஒரு புள்ளி வித்தியாசத்துக்காகத் தனியாக பில்ட் செய்துகொண்டிருக்க வேண்டிவரும்.

#3 இரட்டைப்புள்ளி

டேட்டாபேஸ் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போஸ்ட்கிரெஸின் டேட்டா டைரக்டரியை அப்படியே புது மெஷினுக்கு நகலெடுக்கக் கூடாது. பதிப்பு வேறு என்பதால் அது எப்படியும் ஏறாது. ஆனால் பதிப்பு ஒன்றாகவே இருந்தாலும் ஆபத்து உண்டு: எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை போஸ்ட்கிரெஸ் இயங்குதளத்தின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிலிருந்து எடுக்கிறது. அந்த விதி மாறினால் பழைய இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) தவறான வரிசையில் நிற்கும். இருக்கிற கணக்கையே "இல்லை" என்று சொல்லும், அதே பெயரில் இன்னொன்றை உருவாக்க விடும். ஜிலிப்சி 2.28 வந்தபோது பல மாஸ்டடான் சர்வர்களில் நடந்தது இதுதான். மாஸ்டடானின் நிர்வாகக் கட்டளைக் கருவியான டூட்சிடிஎல்-இல் இரட்டைப் பதிவுகளைத் தேடிச் சரிசெய்யும் ஒரு பராமரிப்புக் கட்டளை இருப்பதே அதற்காக.

டம்ப் எடுத்து (தரவை ஒரு கோப்பாக இறக்கி) ரீஸ்டோர் செய்தால் இந்தக் கவலை இல்லை, இண்டெக்ஸ் எல்லாம் புது மெஷினில் புதிதாகக் கட்டப்படும். பிஜி டம்ப்பை கஸ்டம் ஃபார்மேட்டில் எடுங்கள், அப்போதுதான் ரீஸ்டோரில் இணை வேலைகள் கொடுக்க முடியும். 4 ஜிபி ராமில் இரண்டு போதும். டம்ப் கோப்பு டேட்டாபேஸின் அளவைவிட மிகச் சிறியதாக வந்தால் பயப்பட வேண்டாம். இண்டெக்ஸ்களின் உள்ளடக்கம் அதில் சேராது, போதாததற்கு சுருக்கப்பட்டும் இருக்கும். புது மெஷினில் இடம் ஒதுக்கும்போது டம்ப்பின் அளவைப் பார்க்காதீர்கள், பழைய டேட்டாபேஸின் அளவைப் பாருங்கள்.

ரீஸ்டோர் முடிந்ததும் அனலைஸ் (டேபிள்களின் புள்ளிவிவரம் எடுக்கும் கட்டளை) ஓட்டுவதைப் பலர் மறக்கிறார்கள். புள்ளிவிவரம் இல்லாத போஸ்ட்கிரெஸ் எந்த இண்டெக்ஸைப் பயன்படுத்துவது என்று தெரியாமல் முழு டேபிளையும் வாசிக்கும். ஹோம் டைம்லைன் திறக்க அரை நிமிடம் ஆகும், பழி 4.5 மேல் விழும்.

#4 வடலி

நன்றி அண்ணை. டம்ப் எடுக்கிற நேரத்தில வெளி சர்வர்களில இருந்து வாற பதிவுகள் என்னாகும்?

#5 இரட்டைப்புள்ளி

டம்ப்புக்கு முன் மாஸ்டடானின் வெப், சைட்கிக் (பின்னணி வேலைகளைச் செய்வது), ஸ்ட்ரீமிங் (புதுப் பதிவுகளை உடனுக்குடன் காட்டுவது) ஆகிய மூன்று சர்வீஸ்களையும் நிறுத்துங்கள். வெளி சர்வர்களுக்கு உங்கள் சர்வர் பதில் சொல்லாது, அவ்வளவுதான். மாஸ்டடான் அனுப்பும் ஒவ்வொரு டெலிவரியும் தோற்றால் 16 முறை வரை மறுபடி முயலும், இடைவெளி கூடிக்கொண்டே போகும். சில மணிநேர நிறுத்தத்தில் பெரும்பாலும் எல்லாம் பின்னால் வந்து சேரும். ஏழு வெவ்வேறு நாட்களில் தோல்வி பதிவானால்தான் உங்கள் சர்வரைக் கிடைக்காதது என்று குறித்துவைத்து அனுப்புவதை நிறுத்துவார்கள்.

பழைய மெஷினில் சைட்கிக்கை நிறுத்தினால் மட்டும் போதாது, சிஸ்டம்டியில் (சர்வீஸ்களைத் தொடங்கும் லினக்ஸ் அமைப்பு) டிஸேபிள் செய்துவிடுங்கள். யாராவது மெஷினை ரீபூட் செய்தால் அது எழுந்து, பழைய ரெடிஸில் மிச்சமிருக்கும் வேலைகளை மறுபடி அனுப்பத் தொடங்கும். நேரம் குறித்து வைத்த பதிவுகள் இரண்டு முறை வெளியாவது இப்படித்தான்.

#6 நொச்சிவேலி

4.3-இன் வம்பு மூன்று வரிகளில் இருக்கு: ஆக்டிவ் ரெக்கார்டு என்கிரிப்ஷன் சாவிகள். பிரைமரி கீ, டிடர்மினிஸ்டிக் கீ, கீ டெரிவேஷன் சால்ட். இந்த மூணும் என்வ் கோப்பில் (சர்வரின் அமைப்புகள் இருக்கற கோப்பு) இல்லைன்னா 4.3-க்கு மேல எந்தப் பதிப்பும் கிளம்பவே கிளம்பாது, லாகில் செய்தி போட்டு நின்னுடும். ரெயில்ஸில் "டிபி என்கிரிப்ஷன் இனிட்" கட்டளையை ஒரு தடவை ஓட்டினா மூணு வரி அச்சாகும். அதை அப்படியே ஒட்டணும்.

"ஒரு தடவை" என்பதுதான் முக்கியம். கட்டளை ஒவ்வொரு முறையும் புதுச் சாவி தரும். நிறுவலை அன்சிபிள்ல தானியங்கியா வெச்சிருக்கவங்க இதை ஸ்கிரிப்டுக்குள்ள போட்டுட்டா, அடுத்த ஓட்டத்தில் சாவி மாறிடும். சர்வர் எந்தப் புகாரும் இல்லாம எழுந்திருக்கும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு வெச்சிருக்கற பயனர்களால மட்டும் உள்ளே நுழைய முடியாது, ஏன்னா அந்த ரகசியங்கள் இந்தச் சாவியாலதான் பூட்டப்பட்டிருக்கு. வெப் ஒரு மெஷின், சைட்கிக் இன்னொரு மெஷின்னு பிரிச்சிருந்தா ரெண்டிலும் ஒரே சாவி இருக்கணும்.

பழைய ஓடிபி சீக்ரெட் (இரண்டடுக்குச் சரிபார்ப்பின் பழைய சாவி) வரியை இப்பவே அழிக்காதீங்க. பழைய முறையில் பூட்டினதைத் திறந்து புது முறையில் பூட்டற மைக்ரேஷனுக்கு அது வேணும்.

டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கறவங்க என்வ் கோப்பை மறந்துடறாங்க. சாவி இல்லாத டம்ப் அரை பேக்கப்தான். ஆனா ரெண்டையும் ஒரே இடத்தில் வெக்காதீங்க.

#7 கரிசல்மண்

நொச்சிவேலி சொன்னதோடு ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்கரில் ஓட்டுபவர்களுக்கு 4.3-இலிருந்து ஸ்ட்ரீமிங் தனி இமேஜ். பழைய கம்போஸ் கோப்பில் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றினால் வெப் எழும், சைட்கிக் எழும், ஸ்ட்ரீமிங் மட்டும் விழுந்து விழுந்து எழும். தளம் திறப்பதால் யாரும் உடனே கவனிப்பதில்லை. அறிவிப்புகள் தாமதமாக வருகின்றன, பக்கத்தைப் புதுப்பித்தால்தான் புதுப் பதிவு தெரிகிறது என்று சில நாள் கழித்துப் புகார் வரும். அப்டேட் முடிந்தவுடன் ஸ்ட்ரீமிங்கின் ஹெல்த் முகவரியை ஒரு முறை அழைத்துப் பாருங்கள், ஓகே என்று பதில் வர வேண்டும்.

வடலிக்கு டாக்கர் இல்லை என்றாலும் மூலக்கோடில் உள்ள டிஸ்ட் ஃபோல்டரிலிருந்து சிஸ்டம்டி யூனிட் கோப்புகளைப் புதிதாக எடுத்துப் போடுவது நல்லது. பல சர்வர்களில் பழைய பதிப்புக் காலத்து யூனிட்டே தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. போட்டபின் டீமன் ரீலோடு.

#8 நொச்சிவேலி

நோட் பக்கம்: ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவற யார்ன் 1 போய் யார்ன் 4 வந்தது 4.3-லதான். ரூட்டா கோர்பேக் (சரியான யார்ன் பதிப்பைக் கொண்டுவர்ற கருவி) எனேபிள் பண்ணணும், அப்புறம் மாஸ்டடான் யூசரில் "யார்ன் இன்ஸ்டால் இம்யூட்டபிள்". பழைய "பியூர் லாக்ஃபைல்" தேர்வோட எழுதின ஸ்கிரிப்ட் எல்லாம் இங்க வேலைக்கு ஆகாது. ஏபிடி வழியா முன்னால போட்ட யார்ன் பேக்கேஜ் இருந்தா நீக்கிடுங்க, இல்லைன்னா பாத்தில் அதுவே முன்னால வந்து நிக்கும்.

அசெட் ப்ரீகம்பைல் (தளத்தின் ஜாவாஸ்கிரிப்ட், ஸ்டைல் கோப்புகளை முன்கூட்டியே தயாரிக்கறது) 4 ஜிபியில், மத்ததெல்லாம் ஓடிட்டிருக்கும்போது திணறும். "கில்டு"ன்னு ஒரே சொல் வந்து 137 எண்ணோட முடிஞ்சா அது மெமரி தீர்ந்து கெர்னல் கொன்னது. கோடில் பிழை தேடாதீங்க. 4 ஜிபி ஸ்வாப் கோப்பு போட்டுட்டு மறுபடி ஓட்டுங்க.

ரூபியை ஜெமாலக்கோட (மெமரி ஒதுக்கற நூலகம்) பில்ட் பண்ணுங்க, சைட்கிக் மெமரி கண்ணுக்குத் தெரியற அளவுக்குக் குறையும். எந்த ரூபி பதிப்புன்னு மண்டையை உடைக்க வேண்டாம், கிளையின் வேரில் ரூபி வெர்ஷன் கோப்பு இருக்கு, அதில் உள்ளதையே போடுங்க. பழைய மெஷினில் ரூபி 3.0 இருந்தா அதையே புது மெஷினில் பில்ட் பண்ண முயற்சி பண்ணாதீங்க. அது ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஓட சேராது.

#9 திண்ணைவாசி

எல்லாரும் எப்படி ஏறுவது என்றே பேசுகிறீர்கள். 300 கணக்குக்கு 4.5 எதற்கு? பாதுகாப்புத் திருத்தம் வந்த 4.3 போதாதா? 4.5-இல் வரும் மேற்கோள் பதிவை (பிறர் பதிவை உள்ளே காட்டி எழுதுவதை) யார் கேட்டார்கள்?

#10 கரிசல்மண்

4.3-இல் நின்றாலும் அது தற்காலிகம்தான். பழைய கிளைகளுக்குத் திருத்தம் வருவது ஒருநாள் நிற்கும். அதன்பின் ஓட்டை தெரிய வந்தால் அவசர அவசரமாக இரண்டு பதிப்பு தாவ வேண்டியிருக்கும். 2023 ஜூலையில் மீடியா கோப்பு வழியாக சர்வரில் கோப்பு எழுத முடிகிற ஓட்டை வந்தது. 2024 பிப்ரவரியில் பிற சர்வர் கணக்கை ஆள்மாறாட்டம் செய்ய முடிகிற ஓட்டை, 4.2.5-இல் அடைக்கப்பட்டது. இரண்டிலும் அப்டேட்டைத் தள்ளிப்போட நேரமே இல்லை. போஸ்ட்கிரெஸ் மாற்றம் போன்ற கனமான வேலையை அந்த நாளில் செய்யக் கூடாது, இப்போதே செய்துவிட வேண்டும்.

மேற்கோளைப் பொறுத்தவரை அது 4.4-இல் வாசிக்கும் அளவுக்கும் 4.5-இல் எழுதும் அளவுக்கும் வந்தது. மிஸ்கி, அகோமா போன்ற பிற சமூக வலை மென்பொருள்கள் முன்பே வைத்திருந்ததிலிருந்து ஒரு முக்கிய வேறுபாடு: இங்கே மேற்கோள் காட்டப்படுபவரின் சம்மதம் நெறிமுறையிலேயே இருக்கிறது. மேற்கோள் காட்டும் சர்வர் ஒரு கோரிக்கை அனுப்புகிறது, அந்தப் பக்கம் ஒப்புதல் முத்திரை தந்தால்தான் பதிவு உள்ளே பதிந்து காட்டப்படும். யார் மேற்கோள் காட்டலாம் என்பதைப் பதிவு வாரியாக அனைவரும், பின்தொடர்பவர்கள், நான் மட்டும் என்று வைக்கலாம். கொடுத்ததைப் பின்னால் திரும்பப் பெறவும் முடியும், அப்போது மேற்கோள் காட்டிய பதிவில் உள்ளடக்கம் மறையும். இத்தனையும் அறியாத பழைய சர்வர்களுக்கு "ஆர்இ" என்று தொடங்கும் ஒரு வரியும் லிங்கும் மட்டும் தெரியும்.

#11 திண்ணைவாசி

சம்மதத்தை மதிக்கிற சர்வர்தானே மதிக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பவனை எந்த முத்திரை தடுக்கும்?

#12 கரிசல்மண்

தடுக்காது. ஒரே சொடுக்கில் ஆயிரம் பேர் ஒருவர் மேல் பாய்வதற்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றுவதற்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் அது கூட்டுகிறது. எனக்கு அது போதுமான லாபம்.

#13 இரட்டைப்புள்ளி

4.5-இல் சுமையைக் கூட்டுவது மேற்கோள் அல்ல, மறுமொழிகளை இழுத்துவருவது. இதுவரை உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்த மறுமொழிகள்தான் இழையில் தெரியும். சிறிய சர்வர்களில் உரையாடல் ஓட்டை ஓட்டையாக இருப்பதற்கு அதுவே காரணம். 4.4-இல் சோதனையாக வந்து 4.5-இல் இயல்பாகவே ஓடுகிறது: யாராவது ஒரு பதிவைத் திறந்தால், மற்ற சர்வர்களிடம் மறுமொழிகளைக் கேட்டு சைட்கிக் பின்னணியில் எடுத்து வரும். 300 பேர் சர்வருக்கு இதுவே 4.5-க்குப் போகப் போதுமான காரணம், திண்ணைவாசி.

விளைவு: சைட்கிக் வரிசை நீளும், மீடியா கேஷ் வளரும். ஒரே சைட்கிக் புராசஸ் 25 திரெட் என்றால் டிபி பூலும் (திறந்து வைக்கும் டேட்டாபேஸ் கனெக்ஷன்கள்) குறைந்தது 25 இருக்க வேண்டும், இல்லையென்றால் திரெட்கள் கனெக்ஷனுக்காகக் காத்து நின்று நேரம் கடந்து தோற்கும். 4 ஜிபியில் 25-ஐத் தாண்ட வேண்டாம். இரண்டாவது புராசஸ் தொடங்கினால் ஷெட்யூலர் வரிசை ஒன்றில் மட்டுமே இருக்கட்டும்.

பிஜிபவுன்சர் (போஸ்ட்கிரெஸ் கனெக்ஷன்களைப் பகிர்ந்து தரும் இடைநிலை மென்பொருள்) வைத்திருந்தால் டிரான்சாக்ஷன் மோடு, பிரிபேர்டு ஸ்டேட்மென்ட்ஸ் ஃபால்ஸ். மைக்ரேஷனை மட்டும் பவுன்சர் வழியாக விடாமல் நேரே போஸ்ட்கிரெஸுக்கு விடுங்கள்.

#14 வடலி

எழுத்து வரம்புக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. அதோட ஒரு சந்தேகம்: தமிழில எழுதேக்க 500 எண்டுறது எதை எண்ணுது?

#15 நொச்சிவேலி

கண்ணுக்குத் தெரியற எழுத்தை எண்ணுது, அதுவும் சரியாவே. "தமிழ்" என்ற சொல்லில் யூனிகோடு குறியெண் 5, யூடிஎஃப்-8 பைட் 15, ஆனா மாஸ்டடான் கணக்கில் த, மி, ழ்னு 3. ட்விட்டர் இதையே 5-னு எண்ணும். "கொ" ஒண்ணு. "க்ஷ" மட்டும் க், ஷன்னு ரெண்டா விழும். லிங்க் எவ்வளவு நீளமானாலும் 23. அதனால தமிழுக்கு 500 என்பது ஆங்கிலத்துக்கு 500 என்பதைவிடத் தாராளம், 1000 தேவையான்னு ஒரு தடவை யோசிங்க.

தேவைதான்னா: ஸ்டேட்டஸ் லென்த் வேலிடேட்டர் கோப்பில் மேக்ஸ் கேர்ஸ் என்ற எண் ஒண்ணுதான். 4.2 வரைக்கும் எழுதும் பெட்டியின் ஜாவாஸ்கிரிப்டிலும் 500 தனியா பதிஞ்சிருந்தது, அதனால ரெண்டு இடம் மாத்தியிருப்பீங்க. 4.3-லேர்ந்து பெட்டி சர்வர்கிட்டயே கேட்டுக்குது. ஜாவாஸ்கிரிப்ட் பேட்சைத் தூக்கிப் போட்டுடுங்க, அதைச் சேர்க்கப் போனா கான்ஃப்ளிக்ட்தான் வரும்.

#16 திண்ணைவாசி

பேட்ச் சுமந்துகொண்டு திரிவதற்குப் பதில் மாஸ்டடானிலிருந்து கிளைத்த ஃபோர்க்கான க்ளிட்ச்-சோஷுக்கு மாறலாமே. வரம்பு என்வ் கோப்பில் ஒரு வரி, கிட் மெர்ஜ் தலைவலி இல்லை.

#17 கரிசல்மண்

ஒரு எண்ணுக்காக ஃபோர்க்குக்கு மாறுவது அதிகப்படி. க்ளிட்ச் மூலக்கிளையை நெருக்கமாகவே பின்தொடர்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கென்று தனி மைக்ரேஷன்கள் உண்டு, திரும்பி வருவது போவதைவிடக் கடினம். சர்வருக்குள் மட்டும் தெரியும் பதிவு போன்ற வசதிகள் வேண்டும் என்றால் போங்கள். ஒரு வரி பேட்சுக்கு, ஒவ்வொரு அப்டேட்டிலும் புதுக் கிளை மேல் அந்த ஒரு கமிட்டை செர்ரி பிக் செய்தால் (தனியாக எடுத்துச் சேர்த்தால்) போதும்.

மாற்றிய கோடை ஓட்டினால் ஏஜிபிஎல் உரிமப்படி மூலத்தைப் பயனர்களுக்குத் தர வேண்டும். கிட் ரெப்பாசிட்டரியைப் பொதுவில் வைத்து, என்வ் கோப்பில் மூல முகவரியை அதற்குத் திருப்புங்கள். தளத்தின் அடியில் உள்ள "மூலக்கோடு" லிங்க் அங்கே போகும். பேட்ச் வைத்திருக்கும் பலர் இதைச் செய்வதே இல்லை.

#18 வடலி

விளங்கிச்சு. அப்ப வரிசை: புது டெபியன் 12, அதில 4.2-ஐயே ஏத்தி ஓடவிட்டு, பிறகு ஒருநாள் 4.5. சரியோ?

#19 கரிசல்மண்

நான் அப்படித்தான் செய்வேன், நடுவில் 4.3-இலும் இரண்டு நாள் நிற்பேன். இடம்பெயர்வில் வந்த பிழையா, சாவியில் வந்ததா, புதுக் கோடில் வந்ததா என்று பிரித்தறிய முடியும்.

#20 நொச்சிவேலி

எனக்கு அதில் உடன்பாடில்லை அண்ணா. 4.3-க்கு ஒரு தடவை, 4.5-க்கு ஒரு தடவைன்னு ரூபி ரெண்டு பில்ட், அசெட் ரெண்டு தடவை. 4.2-ஐப் புது மெஷினில் நிலைப்படுத்தினது போதும், அங்கிருந்து நேரா 4.5. சாவி பிரச்சினைன்னா லாகே சொல்லிடும்.

எப்படிப் போனாலும் மைக்ரேஷனை ரெண்டா விடுங்க: "ஸ்கிப் போஸ்ட் டிப்ளாய்மென்ட்" வெச்சு முதல் சுற்று, புதுக் கோடோட மூணு சர்வீஸையும் ரீஸ்டார்ட், அப்புறம் அந்த வரி இல்லாம இரண்டாம் சுற்று. பழைய கோடு ஓடிட்டிருக்கும்போதே அது பயன்படுத்தற காலத்தை அழிக்கற வேலைகள் இரண்டாம் சுற்றில்தான் இருக்கு. ரெண்டாம் சுற்றை மறந்துட்டவங்க சர்வர் நல்லாவே ஓடும். அடுத்த பதிப்பில்தான் மாட்டுவாங்க.

#21 இரட்டைப்புள்ளி

"காலத்தை அழிக்கற" என்பதை டேபிளின் காலம், அதாவது நெடுவரிசை என்று படிக்கவும். பயப்படாதீர்கள்.

வடலி, ரெடிஸ் நேம்ஸ்பேஸ் என்று முதல் பதிவில் சொன்னீர்கள். 4.4-இலிருந்து அது கிடையாது. அந்த வரியை அழித்துவிட்டு எழுப்பினால் பழைய கீகள் முன்னொட்டோடு அப்படியே கிடக்கும், மாஸ்டடான் வெறும் ரெடிஸைப் பார்க்கும். ஹோம் ஃபீடுகள் காலி, சைட்கிக்கில் காத்திருந்த வேலைகள் காணோம். ஃபீடை டூட்சிடிஎல் ஃபீட்ஸ் பில்ட் மறுபடி கட்டிவிடும், வேலைகளை அப்படி மீட்க முடியாது. அதனால் 4.4-ஐத் தாண்டும் முன் கீகளின் முன்னொட்டை நீக்கும் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள், அதிகாரபூர்வ வழிகாட்டி இருக்கிறது. அதே ரெடிஸை வேறு மென்பொருளும் பயன்படுத்துகிறது என்றால் முதலில் மாஸ்டடானுக்குத் தனி ரெடிஸ் கொடுங்கள், ஒரே ரெடிஸில் முன்னொட்டை நீக்கினால் இரண்டும் கலந்துவிடும்.

#22 வடலி

ரெடிஸ் தனியாத்தான் இருக்கு, வேற ஒண்டும் அதைத் தொடேல்லை. எலாஸ்டிக்சர்ச்சும் (தேடலுக்கான மென்பொருள்) ஓடுது. அதுக்கு ஏதும் செய்ய வேணுமோ?

#23 இரட்டைப்புள்ளி

வேண்டும், இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எலாஸ்டிக் இண்டெக்ஸ்களின் முன்னொட்டைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால் மாஸ்டடான் ரெடிஸ் நேம்ஸ்பேஸையே முன்னொட்டாக எடுத்துக்கொண்டிருந்தது. அந்த வரி போனதும் வேறு பெயரில் தேடும், தேடல் முழுக்கக் காலியாகத் தெரியும். என்வ் கோப்பில் இஎஸ் பிரிஃபிக்ஸ் வரியில் பழைய நேம்ஸ்பேஸ் பெயரைப் போட்டால் இருக்கிற இண்டெக்ஸே கிடைக்கும். பெயரை மாற்ற விரும்பினால் டூட்சிடிஎல் சர்ச் டிப்ளாய் ஓட்டிப் புதிதாகக் கட்டுங்கள். 4 ஜிபியில் கன்கரன்சியைக் குறைவாக வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஓட்டுங்கள். முடிந்தபின் பழைய பெயரிலுள்ள இண்டெக்ஸ்களைக் கையால் நீக்குங்கள், அவை தாமாகப் போகாது.

#24 வடலி

சரி அண்ணை. முதல்ல டிஎன்எஸ்-இல டிடிஎல்-ஐ (பழைய முகவரியை மற்றவை நினைவில வைக்கிற நேரம்) 300 நொடி ஆக்கிப்போட்டு, டெபியன் 12-இல 4.2-ஐ ஏத்துறன். ஓடிபி சீக்ரெட் வரியில கை வைக்கேல்லை. ரெடிஸ் ஸ்கிரிப்ட் ஓட்டேக்க ஏதும் பிழை வந்தா லாகை இங்க ஒட்டுறன்.